பேய் இருந்த இடமெல்லாம்

அன்புள்ள மணி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று நீ எழுதியதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரந்தவறாமல் விடு. குனிந்து பாரம் தூக்காதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குத் தூத்துக்குடிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மருமகன்தான் இன்னும் மதுரைக்கும் வீட்டுக்கும் அலைகிறார்.

உன் பேரன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். தமிழ்நாட்டின் பேய் இடங்கள் என்று வரிசை போட்டு, பின்னால் ஒரு திகில் இசை. "சர்வேயர் தாத்தா காடுமேடெல்லாம் சங்கிலி இழுத்தவர்தானே, பேயைப் பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டானாமே. பார்த்ததில்லை என்று சொல். ஆனால் பேய் உண்டு என்று ஊரார் ஒதுக்கிய இடங்களை அளந்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் போய்ப் பார்த்தால் ஒரு பீடம் இருக்கும், விளக்கு எரிந்த மாடம் இருக்கும், வேலில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். நம் பக்கத்து ஆட்கள் பேயைத் துரத்திக்கொண்டிருப்பதில்லை. படையல் போட்டு ஊரோடு வைத்துக்கொள்கிறார்கள்.

சுடலைமாடனையே எடுத்துக்கொள். சுடுகாட்டை விடப் பயமான இடம் எது? அங்கேயே ஒரு சாமி. கொடைத் திருவிழா நடக்கிற ராத்திரி வில்லுப்பாட்டு உச்சத்துக்கு வந்ததும் சாமியாடி தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மயானத்துக்கு வேட்டைக்குப் போவாரே, அப்போது கதவைச் சாத்திக்கொண்டு நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் காலையில் அதே சாமியாடி டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணி மூளி அலங்காரியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதித்த கதை நமக்குப் பாட்டி சொல்லித் தெரிந்ததுதான். வெளியூர் டிவிக்காரன் கையில் கிடைத்தால் அந்தக் கிணறு பேய்க்கிணறு. ஊர்க்காரர்களுக்கு அவள் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற தெய்வம். துர்ச்சாவு செத்தவளை அப்படியே விட்டால் அலைவாள், உட்கார இடம் கொடுத்தால் காப்பாள் என்பதுதான் கணக்கு. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியென்று சேலை வைத்துக் கும்பிடும் வீடுகளிலும் இதே கணக்குதான்.

எல்லாவற்றிலும் என் மனசில் நிற்பது சுமைதாங்கிக் கல். பழைய ரோட்டோரங்களில் பார்த்திருப்பாய். நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமைக்காரன் யாரையும் "ஒரு கை பிடி" என்று கூப்பிடாமல் சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். திரும்ப ஏற்றுவதற்கும் குனிய வேண்டாம், தலையைக் கொடுத்தால் போதும். நிறைமாதத்தில் பிள்ளை பெறாமலே செத்துப்போனவளுக்காக அவள் வீட்டார் நட்டது அது. இறக்காத சுமையோடு போனவள். அவள் பேரில் நாலு பேர் சுமை இறங்கினால் அவளுக்கும் இறங்கும் என்று நம்பினார்கள். ஊரே பயப்படும் சாவு அது. அதற்குக் கழிப்புக் கழித்து ஒதுங்காமல், வழிப்போக்கனுக்கு உபயோகமான ஒன்றைச் செய்து வைத்தார்கள் பார், அந்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். இப்போது சுமை தூக்கி நடக்க ஆளில்லை. ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஒன்றிரண்டில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருப்பதைப் பார்த்தேன், யாருக்காக நட்டதென்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

வீடியோவில் வந்த தனுஷ்கோடிக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். அப்புறம் அரசாங்கம் குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அறிவித்தது. பவளக்கல்லில் கட்டிய சர்ச்சுச் சுவரும் ரயில் ஸ்டேஷனின் மிச்சமும் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டதும் கூட்டம் குவிகிறது. பேய் நகரம் என்று போட்டோ எடுப்பவர்களுக்கு, அந்தச் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே ஓலைக்குடிசையில் மீன்பிடிக் குடும்பங்கள் இருப்பது கண்ணில் படுவதில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் இறைத்துக் குடிக்கிறார்கள். சுற்றிலும் உப்புக்கடல். இன்னொரு பக்கம், காசிக்குப் போனவன் சேதுவில் முழுகினால்தான் யாத்திரை முடியும் என்று வந்து திதி கொடுக்கிறான். ஒரே மணல்திட்டில் பேய், பிதுர், பிழைப்பு மூன்றும். ராத்திரியில் காமிராவோடு அலைகிற பையன்கள் குடிசைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால் சரி.

நம் தேரிக்காடும் லேசுப்பட்டதில்லை. செம்மணலைக் காற்று அள்ளிக் குவிக்கும், நட்ட எல்லைக்கல் மறைந்துபோகும், பனை பாதி மூடிக் கிடக்கும். அதற்கு நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் நல்ல தண்ணீர்ச் சுனை. அய்யனாரை வைத்ததால் சுனை பிழைத்ததா, சுனை இருந்ததால் அய்யனாரை வைத்தார்களா என்று நீயும் நானும் ஆலமரத்தடியில் சண்டை போட்டிருக்கிறோம். நான் இன்னும் என் கட்சிதான், சுனைதான் முதலில். ஆனால் கோயில்காட்டில் சுள்ளி ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம் எத்தனை மரத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் நமக்குள் சண்டையில்லை. இப்போது பக்தி பெருகிப் பயம் குறைந்துவிட்டது. மண்டபம் கட்ட மரத்தை வெட்டுகிறார்கள், டைல்ஸ் ஒட்டுகிறார்கள். அய்யனாருக்கு நிழல் போய் ஷெட்டு வந்துவிட்டது.

பங்குனி உத்திரத்துக்குக் கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறாய். பேரனுக்குப் பரீட்சை இருந்தால், கார்த்திகை கடைசியில் அங்கே நடக்கிற கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குக் கூட்டி வா. கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவதையும், இளநீர் சிந்திய மண்ணை அள்ள ஜனம் பாய்வதையும் பார்த்தால் அவனுக்கு அந்த வீடியோவெல்லாம் சப்பென்று ஆகிவிடும். அன்றைக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற முடியாது, தூத்துக்குடியிலிருந்து கார் ஏற்பாடு செய்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டாரா?

உன்,
சண்முகம்