'விண்ட்' பக்கத்தைத் திருத்தியது பற்றி

மாப்ள,

டிசம்பர் 22 வந்துவிட்டது. புயலில் தனுஷ்கோடி அழிந்த 1964-ஐப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் எச்சரிக்கையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு நம் ஆட்களுக்காக நீ பொருள் எழுதி வைத்த சொல் நோட்டை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதைச் சொல்லத்தான் இது.

'விண்ட்', அதாவது காற்று, அந்தப் பக்கத்தில் பாதியை எடுத்துவிட்டேன். வயிற்று வாயு, குழல் வாத்தியம், இளைத்தவனுக்குத் திரும்பி வரும் மூச்சு, ரகசியம் காதுக்கு எட்டுவது எல்லாம் போச்சு. 'வைண்ட்' என்று படித்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, அதன் இறந்தகாலம் 'வவுண்ட்', அதே எழுத்தை 'ஊண்ட்' என்றால் காயம். அழகுதான், படகில் எதற்கு? 'விண்டோ', அதாவது ஜன்னல், அதை மட்டும் விட மனசில்லை. பழைய நார்ஸ் மொழியில் அது காற்றின் கண். ஜன்னலுக்கு நம்ம பழைய சொல்லான காலதரும் 'கால்' என்கிற காற்றுக்கு விட்ட வழிதானே. ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுகிறேன்.

அன்றைக்கு மீன் ஏலம் நடந்த இடத்தில் எச்சரிக்கையில் 'நார்த் ஈஸ்ட் விண்ட்' என்று வந்ததை, வடகிழக்கே போகிற காத்து என்றாய். எல்லாருக்கும் முன்னால் சிரித்தது தப்புதான். ஆனால் மாப்ள, அது சின்னப் பிழையா? வடகிழக்கிலிருந்து வருவது வாடை, நம்ம தீவுக்கு வடக்கே இருக்கும் வடகடல் பொங்கும். நீ சொன்னதை நம்பினவன், தென்மேற்கிலிருந்து அடிக்குது, தீவு மறைப்பில் வடகடல் அடங்கிக் கிடக்கும் என்று படகை அவிழ்த்திருப்பான். காற்றுக்கு அது புறப்பட்ட திசைதான் பெயர். நீரோட்டத்துக்கு மட்டும் போகிற திசை: 'நார்தர்லி கரண்ட்' என்றால் வடக்கே ஓடுவது. "காத்துக்கு ஒரு நியாயம், தண்ணிக்கு ஒரு நியாயமா மாமா?" என்று கேட்டாயே, அதற்கு அப்போது பதில் இல்லாமல்தான் சிரிப்பு வந்தது. காற்று எங்கிருந்து வந்து அடிக்கும், நீரோட்டம் எங்கே இழுத்துப் போகும், கடலில் இருப்பவனுக்கு வேண்டியது இவ்வளவுதான். பதிலையும் உன் கேள்வியையும் சேர்த்தே அச்சில் போட்டிருக்கிறேன்.

அதற்காக இத்தனை வருஷமா வராமல் இருப்பது? அக்கா கேட்கும்போதெல்லாம்... வேண்டாம், ஊரே படிக்கும். மிச்சம் போனில்.

'கஸ்ட்' என்பதற்கு வெறும் 'காற்று' என்று எழுதி வைத்திருந்தாய், அதைத் திடீரென்று ஓங்கி வீசும் காற்று என்று மாற்றியாச்சு. '45 முதல் 55, இடையிடையே 65 கிலோமீட்டர்' என்று எச்சரிக்கை வந்தால் நம் ஆட்கள் முதல் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கவிழ்ப்பது கடைசி எண். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 45 என்பது 65 ஆனால் படகின் மேல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய 2022 வரை, காற்று 58-ஐத் தாண்டினாலே சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும், நம்ம நாட்டுப்படகு எந்த மூலை? நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று சொன்னால், கிலோமீட்டருக்கு 1.852-ஆல் பெருக்கவும். 30 நாட் என்பது கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர். இதை நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நம்ம காற்றின் பெயர் நாலும் உன் கையெழுத்தில் இருந்த வரிசைப்படியே இருக்கின்றன. 'வைண்ட்' எடுத்ததற்குச் சண்டை போடணும் என்றால் தை பிறப்பதற்குள் வா. பிறகு அச்சு ஏறிவிடும்.

மாமன்