வங்கி கிளார்க் தேர்வுக்கு 850 ரூபாய் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கமுதியில் பதினோரு வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு போட்டோ, கையெழுத்து ஸ்கேன் செய்து, அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பணம் கட்டும் பக்கம் வந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான்.

சென்ற முறை கிராம வங்கி வேலை அறிவிப்பு வந்தபோது, கடைசித் தேதி அன்று சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். பி.காம். படித்தவள். அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். ஆபீசர், ஆபீஸ் அசிஸ்டென்ட் இரண்டுக்கும் அவளுக்குத் தகுதி இருந்தது. ஆனால் தனித்தனியாக 850 ரூபாய் கட்ட வேண்டும். கையில் இருந்தது 900. நோட்டுகளை மேசையில் வைத்து ஒருமுறை எண்ணிவிட்டு, "அசிஸ்டென்ட்டுக்கு மட்டும் போடுங்கண்ணே" என்றாள். என் கூலி 50 ரூபாயை நான் வாங்கவில்லை. 850-ஐ நான் என்ன செய்ய முடியும்?

வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். தலா 850-இல் நடத்தும் ஆபீசர், கிளார்க் தேர்வுகள், அதே கட்டணத்தில் கிராம வங்கிக்கு இரண்டு, ஸ்டேட் வங்கிக்குத் தலா 750-இல் இரண்டு என்று எல்லாவற்றுக்கும் போட்டால் 4,900 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐ.பி.பி.எஸ்.ஸில் 175, ஸ்டேட் வங்கியில் கட்டணமே இல்லை. அது நியாயம். ஆனால் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கோ பெண்களுக்கோ எந்தச் சலுகையும் கிடையாது.

ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்கே 100 ரூபாய்தான், பெண்களுக்கு அதுவும் இல்லை. நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் 100 தான். நிரந்தரப் பதிவுக்கு 150 கட்டினால் ஐந்து வருடம் ஓடும். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மூன்று முறை தேர்வுக் கட்டணமும் இல்லை. வங்கித் தேர்வு கணினியில் நடக்கிறது, செலவு கூடுதல் என்பார்கள். சரி, ரயில்வே தேர்வும் கணினியில்தானே நடக்கிறது? அங்கே 500 ரூபாய் வாங்கினாலும், முதல் கட்டத் தேர்வை எழுதியவருக்கு 400 ரூபாய், வங்கிக் கட்டணம் மட்டும் போக, கணக்கில் திரும்பி வந்துவிடுகிறது.

அப்புறம் தேர்வு மையம். போன வருடம் ஒரு பையனுக்கு மதுரை என்று போட்டோம். ஹால்டிக்கெட்டில் வந்தது சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பதால் முதல் நாளே கிளம்பினான். ஒரு மணி நேரத் தேர்வுக்கு பஸ், அறை, சாப்பாடு என்று இரண்டாயிரத்துக்கு மேல் ஆனதாகத் திரும்பி வந்து சொன்னான். கட்டணத்தைக் குறைத்தாலும் மையம் இப்படிப் போனால் பயனில்லை.

மத்திய அரசு வேலைகளுக்குப் பொதுத் தகுதித் தேர்வு ஒன்றை நடத்த 2020 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாவட்டத்துக்கு ஒரு மையம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு ஒரு விண்ணப்பம்கூட என் கடையில் நான் போட்டதில்லை.

அது வரும்போது வரட்டும். தேர்வு எழுத வந்தவருக்கு ரயில்வே போலக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், கேட்ட ஊரிலோ பக்கத்து மாவட்டத்திலோ மையம் ஒதுக்கவும் அடுத்த வங்கித் தேர்வு அறிவிப்பிலேயே வழி செய்ய வேண்டும். நம் எம்.பி.க்கள் இதை நிதியமைச்சகத்திடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
கமுதி, ராமநாதபுரம் மாவட்டம்.