சிவப்பு டேப் ஒட்டிய அண்ணனுக்கு

அன்புள்ள ஆய்வாளர்களுக்கும் நண்பர்களுக்கும்,

தமிழாராய்ச்சி மாநாடு முடிந்து மூன்று நாள் ஆகிறது. கடைசி விருந்தாளியும் திருச்சி விமான நிலையத்துக்குள் போய்விட்டார் என்று தகவல் வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம். சென்னையில் பிடித்திருந்த இடம் மே மாதம் கைவிட்டுப் போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளறுவானேன். பத்தே வாரத்தில் திருச்சியில் வேறு இடம் பிடித்து, 320 பேர் மூன்று நாள் நிம்மதியாக உட்கார்ந்து கட்டுரை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இந்த வாரம் தூக்கம் வராது.

முதல் நன்றி அந்த வளாகத்தின் எலக்ட்ரீஷியனுக்கு. "பேரெல்லாம் போடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறோம்.

இடம் பார்க்க வரும் குழுவுக்கு எல்லா வளாகத்திலும் ஒரே மாதிரி உபசாரம்தான். காலை பதினொரு மணி, ஏசி ஓடும் அரங்கம், முந்திரி பிஸ்கட், காபி, ஒரு பவர்பாயிண்ட். இருக்கை எத்தனை, விடுதி அறை எத்தனை, ஜெனரேட்டரின் திறன் எத்தனை கேவிஏ என்று கேட்டதற்கெல்லாம் தாளில் பதில் இருக்கும், அந்தப் பதில்களும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் காலி அரங்கில் குறை தெரியாது. பின்சுவரில் சுவிட்ச் பலகையோரம் நின்றுகொண்டிருந்த அண்ணன் எல்லாரும் வெளியே வரும்போது மெதுவாகச் சொன்னார்: "இப்பப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நாலு மணிக்கு ஒருதடவ வந்து பாருங்க."

நாலு மணிக்குப் போனோம். மேற்குச் சுவரில் திரைச்சீலைக் கம்பிக்கு மேலே மூன்று வென்டிலேட்டர்கள். அவற்றின் வழியாக வெயில் இறங்கித் திரையின் வலது பாதியில் விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்தது 3,500 லூமென் புரொஜெக்டர். ஓலைச்சுவடிப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் வெறும் வெள்ளை. திரைச்சீலையை எவ்வளவு இழுத்தாலும் வென்டிலேட்டரை அது எட்டாது. தீர்வு ரொம்பச் சின்னது: மூன்றுக்கும் கறுப்புத் துணி, போதாக்குறைக்கு சுவடி, கல்வெட்டு அமர்வுகள் முழுவதும் காலையில். இலக்கணமும் மொழியியலும் பிற்பகலுக்குப் போயின. படம் காட்டாதவர்களுக்கு வெயிலால் நஷ்டம் இல்லை.

பிறகு ஜெனரேட்டர். தாளில் 125 கேவிஏ என்று போட்டிருந்தது. நாற்பத்து நாலு டன் ஏசி, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்தாலும் தாங்கும், கணக்கு சரி. அண்ணன் கணக்குக்கே போகவில்லை. "மணி பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மெயினை இறக்கினார்.

இருட்டு. அவர் ஷெட்டுக்கு நடந்து, ஜெனரேட்டரைக் கிளப்பி, சேஞ்ச் ஓவர் லீவரை மாற்றி, மறுபடி வெளிச்சம் வர ஒரு நிமிடம் 50 விநாடி. அதோடு முடியவில்லை. கரண்ட் திடீரென்று போனால் புரொஜெக்டரின் விசிறியும் நின்றுவிடும். சூடான லாம்ப் ஆறும் வரை மறுபடி பிடிக்காது. இன்னும் நாலு நிமிடம். ஒரு கட்டுரைக்கு நாம் கொடுப்பது இருபது நிமிடம், அதில் ஆறு போயிற்று. ஏசியின் கதை வேறு. பதினொரு டன் மெஷின்கள் நாலையும் ஒரே சமயத்தில் போட்டால், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் ஜெனரேட்டர் முனகி டிரிப் ஆகிவிடும். ஒன்று போட்டு, மூன்று நிமிடம் விட்டு, அடுத்தது. அதனால்தான் கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அரங்கைக் குளிர வைத்துவிட வேண்டும் என்றார். இந்த இரண்டும் நாம் பார்த்த எந்த வளாகத்தின் தாளிலும் இல்லை.

2 கேவிஏ யுபிஎஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். புரொஜெக்டர், மிக்ஸர், மைக்குக்கான சின்ன ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் அதில். "மாடியில நெட் பெட்டி இருக்கே, அதுக்கு?" என்று அவர் கேட்ட பிறகுதான் நெட்வொர்க் சுவிட்ச் நினைவுக்கு வந்தது. அதை விட்டிருந்தால் அரங்கில் படம் அணையாமல் இருந்திருக்கும், ஆனால் ஜூமில் இருந்த பாரிஸ்காரர்களும் டொராண்டோக்காரர்களும் காணாமல் போயிருப்பார்கள். இரண்டாம் நாள் காலை 11.40-க்குக் கரண்ட் போனது உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்தே இருக்காது. பேசிக்கொண்டிருந்தவர் விளக்கு அணைந்ததும் நிமிர்ந்து பார்த்தார். திரையில் படம் அப்படியே இருந்தது. அடுத்த வரியைப் படித்தார்.

இடம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை அண்ணன் ஒரு ஃபுல்ஸ்கேப் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் பால்பாயிண்ட் பேனாவில் நாலு கருத்தரங்க அறைகளின் படம், எந்த பிளக் எந்த ஃபேஸில், எந்த எம்சிபியில் (லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச்) என்று. மைக்கில் உய்ய்ங் என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரையும் மிக்ஸரையும் ஒரே போர்டில் சொருகவும். ஐரோப்பாக்காரர்களின் உருண்டைப் பின் நம் சாக்கெட்டில் நுழையும், ஆனால் பிடிக்காது, ஆடி ஆடிப் பொறி பறக்கும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களின் தட்டை மூன்று பின் நுழையவே நுழையாது. அடாப்டர் 12. இப்படி ஒவ்வொரு வரியும்.

கடைசி வரிக்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடு. வராந்தாவில் இரண்டாம் அறைக்கு வெளியே உள்ள பதினாறு ஆம்பியர் சாக்கெட்டும் அந்த அறையின் விளக்கும் ஒரே எம்சிபியில். டீ போடுகிறவர்கள் எங்கே போனாலும் முதலில் தேடுவது வராந்தா சாக்கெட்டைத்தான். மூன்று கிலோவாட் பாய்லரை அதில் சொருகினால் உள்ளே அமர்வு இருளில். அந்த சாக்கெட்டின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் "டீ இங்க இல்ல" என்று எழுதி, சமையலறைப் பக்கம் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார். மூன்று நாளும் டீ அம்புக்குறிப்படியே போயிற்று.

நிறைவு நாள் பொதுக்கூட்டத்துக்கு மைதானத்தில் பந்தல் போட ஆட்கள் வந்தபோது அண்ணன் தரையைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். மைதானத்தின் மேற்கு ஓரமாக ஹெச்டி லைன், அதாவது உயர் மின்னழுத்தக் கம்பி, போகிறது. பந்தல் உயரத்துக்கும் லைனுக்கும் தாராளமாக இடைவெளி இருந்தது. "நட்ட பைப்பால ஒண்ணும் ஆகாது சார். நிமித்தும்போதுதான் ஆபத்து" என்றார். இருபதடி இரும்புக் குழாயைப் படுக்கையிலிருந்து தூக்கி நிறுத்துகிறவர்கள் அடியைப் பார்ப்பார்கள், நுனி எங்கே சுற்றுகிறது என்று பார்க்கமாட்டார்கள். பந்தல் பதினைந்து மீட்டர் கிழக்கே நகர்ந்தது.

அதைக் கேட்டு அங்கே நின்ற மூத்தவர்கள் இரண்டு பேர் பேச்சிழந்து போனார்கள். அவர்களுக்கு நினைவு வந்தது 1974 ஜனவரி 10. யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டம் வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே பெருகி நின்றபோது போலீஸ் புகுந்தது, மின்கம்பி அறுந்து விழுந்தது, உயிர்கள் போயின. மாநாடு யாழ்ப்பாணத்திலா கொழும்பிலா என்ற இழுபறி அதற்கு வெகுநாள் முன்பே தொடங்கியிருந்தது. ஈழத்துத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளும் மற்றவர்களும் 1964-இல் டெல்லியில் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் வரலாற்றில் இடம் என்பது ஒருநாளும் வெறும் மண்டபமாக இருந்ததில்லை. 1966-இல் முதல் மாநாடு நடந்த கோலாலம்பூரிலிருந்து எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். 1995-இல் தஞ்சாவூர் மாநாட்டுக்கு வந்த இலங்கை அறிஞர்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாற்காலி இருந்தது, உட்கார வேண்டியவர் இல்லை. ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் விசாவையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த வகையில் இந்த முறை பெரிய கடன் பட்டிருப்பது விசா கடிதங்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு. மாநாட்டு விசாவுக்கு அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி, உள்துறை அமைச்சகத்தின் அனுமதி என்று அடுக்கு அடுக்காகத் தாள் வேண்டும். இடம் மாறினால் எல்லாவற்றிலும் இடப்பெயர் மாற வேண்டும். ஒன்றில் பழைய பெயர் நின்றுவிட்டால் தூதரக ஜன்னலில் கேள்வி வரும். ஒவ்வொரு கடிதத்தையும் திரும்ப அடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பியவர்களை வணங்குகிறோம். சென்னைக்கு எடுத்த டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பிலிருந்து நேரே திருச்சிக்கு வந்திறங்கியவர்கள், விடுதியைத் திறந்துவிட்ட வார்டன்கள், பந்தலையும் ஃபிளெக்ஸையும் ஆடிக் காற்றிடமிருந்து காப்பாற்றிய மாணவர்கள், ஒரே வரிசையில் விட்டால் 320 பேர் சாப்பிட ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லி நாலு வரிசையாகப் பிரித்த சமையல்காரர், எல்லாருக்கும் நன்றி.

ஆடியில் மாநாடா என்று முகம் சுளித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, அதனால்தான் பத்து வாரத்தில் நல்ல சமையல்காரர் கிடைத்தார். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்போது விடுமுறை. ஆடிப்பெருக்கை மட்டும் தள்ளிவைத்துவிட்டால் போதும். மார்கழிக்குத் தள்ளியிருந்தால் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் நிரம்பும் கூட்டத்தில் ஒருவருக்கும் ரூம் கிடைத்திருக்காது.

அடுத்த முறை இடம் பார்க்கப் போகும் குழுவுக்கு அண்ணன் எழுதிக் கொடுத்த தாளின் நகலோடு ஒரு கட்டளையும் போகிறது. பதினொரு மணிக்குப் போகக்கூடாது. நாலு மணிக்குப் போய், எலக்ட்ரீஷியனோடும் வாட்ச்மேனோடும் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் போடுகிறவரோடும் ஒரு மணி நேரம் செலவழித்த பிறகே அலுவலக அறைக் கதவைத் தட்ட வேண்டும். மெயினை இறக்கிக் காட்ட மறுக்கிற வளாகம் பட்டியலில் இருக்காது.

கடைசியாக ஒரு விஷயம். அந்தப் பன்னிரண்டு அடாப்டரையும் அண்ணன் காந்தி மார்க்கெட் பக்கம் சொந்தக் காசில் வாங்கி வந்திருந்தார். நேற்றுத்தான் தெரிந்தது, பணத்தை நீட்டினால் வாங்க மறுக்கிறார். ஒன்பதுதான் திரும்பி வந்திருக்கிறது. மூன்று யாருடைய லேப்டாப் பையிலாவது இருக்கும். தயவுசெய்து பையைத் திறந்து பாருங்கள். வெள்ளை நிறம், அடியில் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டியிருக்கும்.

நன்றியுடன்,
இடத்தேர்வுக் குழு