0.9 என்ற எண்ணை நம்பினேன்

அன்புள்ள சுமதி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவின் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

போன மாதம் ஐசியூவுக்கு 52 வயது அம்மா ஒருவர் வந்தார். சிறுநீர்த் தொற்று, அது முற்றி உடம்பின் உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸ். கிட்னி வேலை குறைந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் ராத்திரி 0.9, நார்மல்தான். "கிட்னி நல்லா இருக்கும்மா" என்று அவர் மகளிடம் சொன்னதே நான்தான், அதை நம்பித்தான் கிட்னியைக் கெடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக்கான அமிக்காசினையும் நிறுத்தாமல் விட்டேன். சிறுநீர்ப் பையில் மணிக்கு 40 மில்லி, அப்புறம் 20, விடியும்போது குழாயில் டிகாஷன் நிறத்தில் கொஞ்சம். நமக்குப் பாடம் எடுத்த டாக்டர் பை (Pai) வாத்தியாராக இருந்தால் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே கட்டிலுக்கடியில் குனிந்திருப்பார், இல்லையா? மறுநாள் கிரியேட்டினின் 1.7, அதற்கு மறுநாள் 3.1. மூன்று டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் மகள் "நல்லா இருக்குன்னீங்களே டாக்டர்" என்று மெதுவாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. செப்சிஸில் அதன் உற்பத்தியே குறையும், நாம் வேறு லிட்டர் லிட்டராக சலைன் ஏற்றி நீர்க்கச் செய்கிறோம், அப்படி இருக்கும்போது அந்த எண் அழகாகத்தான் நிற்கும்! சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே நுண்குழாய்ச் செல் அடிபடலாம், சாகாமலேயே வேலையை நிறுத்திவிடலாம்.

கிட்னி அடிபட்டால் சிறுநீரில் ஏறும் புரதம் 'என்கால்' (NGAL) ஞாபகம் இருக்கிறதா, "யாருடைய கால்?" என்று வகுப்பையே சிரிக்க வைத்தாயே! 2005இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழந்தைகளின் சிறுநீரில் அது இரண்டே மணி நேரத்தில் ஏறியதைக் காட்டினார்கள். ஆனால் அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவிலும் இருப்பதால், செப்சிஸில் கிட்னி தப்பித்திருந்தாலும் ஏறும். டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 இரண்டும் சேர்ந்த சோதனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அடிபட்ட செல் இரண்டாகப் பிரியாமல் நிற்கும் கட்டத்தோடு சேர்ந்த புரதங்கள் அவை, சிறுநீரிலேயே பார்க்கலாம், 0.3க்கு மேல் போனால் உஷாராக வேண்டும். 2014லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் இல்லை, வாங்கக் கேட்டால் "அதைப் பார்த்து என்ன மருந்து தரப்போகிறாய்?" என்கிறார்கள். மருந்து தர வேண்டாம் சுமதி, அமிக்காசினை நிறுத்தியிருப்பேன், கிட்னிக்குச் சுமையாகக்கூடிய சாயம் ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி ஸ்கேனைத் தள்ளிப்போட்டிருப்பேன், மகளிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். அது போதாதா?

உங்கள் ஐசியூவில் இதைப் போடுகிறீர்களா? எவ்வளவு ஆகிறது, ரிசல்ட் எப்போது கையில் வருகிறது, எல்லாம் எழுது. அடுத்த மீட்டிங்கில் மறுபடி கேட்கப்போகிறேன்.

உன்,
வசந்தி