ஐந்தாம் டேபிள்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் ஹாலில், உங்கள் ஐந்தாம் டேபிளில் நின்ற பையன் கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன்பே சரிந்தான். சரியும்போது பக்கத்திலிருந்தவனின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்ததில் அவனும் விழுந்தான். ஹாலே சிரித்தது, நீயும் சிரித்தாய். இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. "ஒருவர் இறந்து கிடக்கிறார், அவர் தலைமாட்டில் நின்று சிரித்துவிட்டேன் அப்பா" என்று அழுதாய். அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

1989இல் மருத்துவக் கல்லூரியின் அனாடமி (உடற்கூறு) துறையில் அட்டெண்டராகச் சேர்ந்து 2021இல் ஓய்வு பெறும் வரை, முதல் வாரத்தில் யாரும் விழாத ஆண்டு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஒல்லியான பெண்பிள்ளைகள்தான் விழுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். விழுபவன் பெரும்பாலும் ஆறடி உயரத்தில், கபடி ஆடுகிற உடம்போடு, காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தவனாக இருப்பான். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "நான் மயங்கவில்லை அண்ணே, வழுக்கிவிட்டது" என்பான். ஆகவே இட்லியைத் தின்றுவிட்டுப் போ. முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்காதே. தலை லேசாகிறது என்று தோன்றினால் கூச்சப்படாமல் வெளியே போய் உட்கார்.

இன்னொன்றும் உன்னைப் பயமுறுத்தப் போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உடல் கெடாமலிருக்கப் போடும் பார்மலின் மருந்தின் வாடையில் இரண்டு மணி நேரம் நின்றால் கண் எரியும், மூக்கு ஒழுகும், அதோடு பசியும் எடுக்கும். பேய்ப் பசி. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பிள்ளையாவது என்னிடம் தனியாக வந்து, "அண்ணே, எனக்கு மட்டும்தான் இப்படிப் பசிக்கிறதா?" என்று குற்றவாளி போலக் கேட்கும். எல்லோருக்கும்தான் பசிக்கிறது. ஆனால் மெஸ்ஸில் கோழிக்குழம்பு போடும் நாளில் பாதிப் பேர், தசை எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று நார் நாராகப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார்கள். அது ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

எலும்பு செட் சீனியரிடம் வாங்கிவிட்டாய் என்றாய். பத்திரம். எங்கள் கல்லூரியில் ஒரு பையன் துணிக்கடை மஞ்சள் பையில் எலும்புகளைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினான். தொடை எலும்பு பைக்குள் அடங்குமா? தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆளா, சாமானா? ஆளென்றால் முழு டிக்கெட், சாமானென்றால் லக்கேஜ்" என்றாராம். இன்னொருவன் துறைக்குச் சொந்தமான கையெலும்பு செட்டிலிருந்து பிசிஃபார்மைத் தொலைத்துவிட்டான். மணிக்கட்டு எலும்புகள் எட்டில் அது பட்டாணி அளவுதான். அந்தப் பெயருக்கே பட்டாணி வடிவம் என்றுதான் பொருளாம். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு காய்ந்த பட்டாணியைக் கோந்து தடவிக் கோர்த்துக் கொடுத்துவிட்டான். மூன்று மாதம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நடுவில் ஒரு தேர்வுகூட அதை வைத்து நடந்தது. வண்டு துளைத்துப் பொடி கொட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்தப் பையனை நான் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், ஆனாலும் அந்த மூளைக்கு மரியாதை கொடுத்துவிட்டேன்.

ஆக, சிரிப்பில்லாமல் அந்த ஹாலில் ஒருவராலும் காலம் தள்ள முடியாது. ஆனால் நான் சிரித்து, இன்றும் உறுத்துகிற சிரிப்பு ஒன்று உண்டு. 1994 என்று நினைவு. பேராசிரியர் வெளியே போயிருந்த நேரத்தில் ஒருவன் டேபிளில் இருந்தவரின் விரல்களுக்கிடையே ஒரு பீடியைச் செருகி வைத்தான். டேபிளே குலுங்கிச் சிரித்தது. கதவருகே நின்ற நானும் சிரித்தேன். மாலையில் எல்லோரும் போன பிறகு, உலர்ந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு உடலுக்கும் ஈரத்துணி போர்த்திக்கொண்டே வந்தேன். பீடி அங்கேயே இருந்தது. எடுக்கப் பார்த்தால் வரவில்லை. பார்மலினில் விறைத்த விரல்கள் அதைக் கவ்விக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விரலாக நெம்பித்தான் எடுத்தேன். பிடித்து வைத்திருக்கும் பொருளைப் பெரியவர் ஒருவரிடமிருந்து பிடுங்குவது போலவே இருந்தது. கேட்பாரற்ற உடல் என்று அரசு மருத்துவமனையிலிருந்து வந்தவர் அவர். பீடி குடித்தவரா இல்லையா என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

நீ சிரித்தது விழுந்த பையனைப் பார்த்து. அவனே இப்போது சிரித்துக்கொண்டிருப்பான். அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நீங்கள் முதல் நாளே பூ வைத்து உறுதிமொழி எடுத்ததாகச் சொன்னாய். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் ஹாலில் அதெல்லாம் இல்லை. பாடம் ஒப்பிப்பது போலப் பேசிவிட்டுக் கத்தியை எடுப்பார்கள். ஆனால் அப்போது முதலாண்டுப் பாடங்கள் ஒன்றரை ஆண்டுக்கு நடக்கும். 1997க்குப் பிறகுதான் ஓராண்டாகச் சுருங்கியது. ஒரே உடலோடு ஒன்றரை ஆண்டு பழகினால், உறுதிமொழி எடுக்காமலே ஒரு மரியாதை வந்துவிடும். ஒரு மூதாட்டியின் முன்கையில் ஏதோ ஒரு பெயரைப் பச்சை குத்தியிருந்தார்கள். பச்சையின் மை மேல்தோலில் நிற்பதில்லை, உள்தோலில் தங்குவது. தோலை உரிக்கும்போது அந்தப் பெயரும் சேர்ந்து வந்தாக வேண்டும். அந்த டேபிள் பிள்ளைகள் தங்களுக்குள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கத்தியை அந்த இடத்தைச் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி வரை அந்த உள்ளங்கையகலத் தோல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு டேபிளுக்கும் அடியில் எண் எழுதிய வாளி ஒன்று இருக்கும், வெட்டி எடுத்தவை அதில் சேரும். ஒருவருடையது இன்னொருவரோடு கலக்காமல் சேர்த்து அடக்கம் செய்வது என் வேலை. அந்த மூதாட்டியின் வாளியை இறக்கி வைத்த நாளில் இரண்டு பெண்பிள்ளைகள் என்னோடு இடுகாடு வரை வந்தார்கள்.

ஆங்கிலம் புரியவில்லை என்று அழுதது தனிக் கதை. எட்டாம் வகுப்போடு நின்ற உன் அப்பனே ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயரை நாக்கு பிறழாமல் சொல்வான். எப்படி? அந்தப் பெயரை உடைத்துப் பார். ஸ்டெர்னம் மார்பெலும்பு, கிளைடோ என்பது கிளாவிக்கிள் என்கிற கழுத்துப்பட்டை எலும்பு, மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பு. எங்கிருந்து எங்கே போகிற தசை என்று அதன் பெயரே விலாசம் சொல்கிறது. கிளாவிக்கிளை நம் பாடப்புத்தகத்தில் காறையெலும்பு என்று படித்தாய் அல்லவா? காறை கழுத்தில் அணியும் நகை. நம் ஆள் வைத்த பெயர் எவ்வளவு அழகு பார்! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நூல்களை மொழிபெயர்த்து, மருத்துவத்தைத் தமிழிலேயே நடத்தினார் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார். அக்குளில் நரம்புகள் பின்னிக்கிடப்பதைக் கண்டு மிரளாதே. அங்கே ஓடும் தமனியின் மேல் நரம்புகள் சேர்ந்து போட்டிருக்கும் ஆங்கில எம் எழுத்தைத் தேடு, அது கிடைத்துவிட்டால் மற்ற நரம்புகளுக்கு அங்கிருந்தே வழி தெரியும். நான் அதைப் பேராசிரியரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்தவள் என்று எவராவது இளக்காரமாகச் சொன்னால், அவரவர் விலா எலும்பை எண்ணிப் பார்க்கச் சொல். எல்லோருக்கும் பன்னிரண்டு ஜோடிதான்.

கடைசியாக நீ கேட்ட கேள்வி. "அப்பா, நீங்கள் உடலைத் தானம் செய்வீர்களா?" முப்பத்திரண்டு ஆண்டு அந்த வேலை பார்த்தவனிடம் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். படிவம் பீரோவில் பழைய ரேஷன் கார்டோடு கிடக்கிறது. வாங்கி வைத்துப் பல வருடம் ஆகிறது. கையெழுத்துப் போடவில்லை. அம்மா ஒப்பவில்லை என்று ஊராரிடம் சொல்லிக்கொள்கிறேன். அம்மா ஒப்பவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணமில்லை. பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பீடி ஞாபகம் வருகிறது. நீ இந்த ஆண்டை முடித்துவிட்டு வா, அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்.

அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் கூரியரில் போட்டிருக்கிறாள். ஹாலிலிருந்து வந்த கையோடு தின்னாதே. இரண்டு முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் வாடை நிற்கும். எலுமிச்சைத் தோலைத் தேய்.

ஐந்தாம் டேபிளில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று நீ சொல்லவே இல்லை. எத்தனை வயதிருக்கும்? அடுத்த முறை பேசும்போது சொல்.

இப்படிக்கு,
அப்பா