இடது இறக்கையின் அடியில் இருப்பது சின்னது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வெட்டி ஒட்டுவதற்கு ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானப் படம் போட்டிருந்தீர்கள். மேலே 1940, பிரிட்டன் வான்போர் என்று தலைப்பு. என் பேரன் அதை வெட்டி எடுத்து வந்தான். என் மேஜையில் இருந்த, நான் ஒட்டிச் செய்த ஸ்பிட்ஃபயர் பொம்மை மாடலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தாத்தா, ஒரு பெட்டியைச் சின்னதா ஒட்டிட்டீங்க. பேப்பர்ல ரெண்டும் ஒரே அளவா இருக்கு” என்றான். மூன்று மாத வேலையை அரை நிமிஷத்தில் தப்பு என்று சொல்லிவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

1940-இல் பறந்த ஸ்பிட்ஃபயரின் வலது இறக்கைக்கு அடியில் ரேடியேட்டர், நீளப் பெட்டியாக இருக்கும். இடது இறக்கைக்கு அடியில் இருப்பது இன்ஜின் ஆயிலை ஆற வைக்கும் கூலர். அது சின்னது, உருண்டை வாக்கில் இருக்கும். இரண்டு பக்கமும் சமமான பெட்டி வந்தது 1942-இல், ஒன்பதாம் மார்க் என்ற பிந்தைய ரகத்தில்தான். அதன் புது மெர்லின் இன்ஜினுக்குக் குளிர்ச்சி அதிகம் தேவைப்பட்டது. உங்கள் ஓவியர் ஒன்பதாம் மார்க்கை வரைந்துவிட்டு 1940 என்று போட்டுவிட்டார். நிறமும் அப்படித்தான். படத்தில் சாம்பலும் பச்சையும் இருக்கிறது; அது 1941 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது. வான்போர் சமயத்தில் மேலே மண் நிறமும் கரும்பச்சையும், அடியில் பச்சை ஓடிய வெளிர் நீலம்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 34 வருஷம் பெயின்டராக இருந்தவன். பட்டி வைப்பது, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது, பிரைமர், அப்புறம் இரண்டு கோட் என்று கைக்குப் பழகிய வேலைதான். ஆனால் பஸ்ஸில் ஒரு படி பட்டி பிடிக்கும் இடத்தில் இதற்குக் கடுகளவு போதும். மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மாடல் கிட், நிஜ விமானத்தில் 48-இல் ஒரு பங்கு அளவு. 11.23 மீட்டர் இறக்கை இதில் ஒரு சாண். விமானி உட்காரும் இடத்தை முதலில் முடித்துவிட வேண்டும். உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டால் உள்ளே பிரஷ் போகாது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தால்தான் இணைப்பில் மேடு இருப்பது தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது அந்த உருமறைப்புப் பூச்சு. நம் பட்டறையில் பத்து பஸ் ஒரே கம்பெனிக்கு என்றால் பத்துக்கும் ஒரே கோடுதான். பிரிட்டிஷ்காரர்களோ ஏ, பி என்று இரண்டு மாதிரி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அதுதான் மற்றது. ஒரு விமானத்துக்கு ஏ, அடுத்ததற்கு பி. நான் அடித்தது ஏ. இறக்கையில் எட்டு மெஷின்கன். அந்த எட்டு ஓட்டையிலும் சிவப்புத் துணி ஒட்டுவார்கள், தூசியும் குளிரும் உள்ளே போகாமல் இருக்க. சுட்டதும் கிழிந்துவிடும். எட்டையும் பல்குத்தும் குச்சியால் வைத்தேன்.

கெடுத்துக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி அடைமழையில், நாளைக்குக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில், கடைசி லாக்கர் வார்னிஷை அடித்தேன். காலையில் பார்த்தால் இடது இறக்கை முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளை பூத்துக் கிடந்தது. ஈரக் காற்றில் லாக்கர் அடிக்காதே என்று எத்தனை பையன்களைப் பட்டறையில் திட்டியிருப்பேன்! வெயில் வரும்வரை நாலு நாள் காத்திருந்து, தேய்த்து, மறுபடி அடித்தேன். இறக்கையில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படை வட்டச் சின்னத்தின் நீல ஓரம் கொஞ்சம் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

பக்கவாட்டில் நான் ஒட்டியது ஏ, இஸட் என்ற எழுத்துகள். அது பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவு. அந்தப் படையின் முழுப் பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று இருக்கிறது. போர் நிதிக்கு நம் சென்னை ராஜதானி கொடுத்த பணத்துக்காகச் சூட்டிய பெயர். ஹரிகேன் விமானம் ஓட்டிய 79-ஆம் ஸ்குவாட்ரனுக்கும், டிஃபையன்ட் விமானம் ஓட்டிய 264-க்கும் அதே பெயர்தான். கரூரும் அன்றைக்கு அந்த ராஜதானியில் இருந்த ஊர். எங்கள் ஊர் வசூலும் அதில் போயிருக்குமோ என்று ஒரு நப்பாசை. பக்கத்து வீட்டுக்காரர், “அப்போ மெட்ராஸ்னு பெருசா எழுதிடுங்க” என்றார். பஸ்ஸில் எழுதச் சொன்னால் எழுதுவேன். அந்தப் படையின் விமானப் படம் எதிலும் அப்படி எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். ஓவியர் பார்க்க விரும்பினால் விமானத்தைத் தருகிறேன். வாலைப் பிடித்துத் தூக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். பேரன் உங்கள் படத்தில் இடதுபக்கப் பெட்டியைப் பாதியாக வெட்டிவிட்டான். நிறத்துக்கு என் மிச்சப் பெயின்டைக் கேட்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் பெயின்டர்,
கரூர்.