ஹில் போன இடம் நிரம்பவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 மார்ச்சில் எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவரான டைரீக் ஹில்லை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்துவிட்டுத் தன் ரிசீவர் வரிசையைப் புதிதாகக் கட்டிய அந்த அணி, அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் இறுதியாட்டங்களை வென்றது என்றும், ஒரே ரிசீவருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்றே தேவையில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கோப்பைகள் இரண்டும் உண்மை. ஆனால் அந்த வரிசை கட்டப்பட்டது என்பதைத்தான், இந்த ஊர்ப் பக்கம் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருந்து ஞாயிற்றுக்கிழமைகளை இந்த அணிக்கே எழுதிவைத்துவிட்ட என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வரவு என்ன என்று பார்த்துவிடுவோம். ஹில்லுக்கு ஈடாக மயாமி கொடுத்தது ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் உரிமைகள். அவற்றில் 2022-க்கு உரியவை 29, 50, 121 ஆகிய இடங்கள். 29, 121 ஆகிய இரண்டோடு தன்னிடம் இருந்த இன்னொன்றையும் சேர்த்து நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து 21-வது இடத்துக்கு ஏறிய சீஃப்ஸ், அங்கே எடுத்தவர் டிரென்ட் மெக்டஃபி. அவர் கார்னர்பேக், அதாவது பந்தைப் பிடிப்பவர் அல்லர், எதிரணி ரிசீவரைப் பிடிக்கவிடாமல் தடுப்பவர். அடுத்த ஆண்டே லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக அவர் தேர்வானார். ஹில்லுக்கு மயாமி எழுதிக்கொடுத்த ஒப்பந்தமோ நான்கு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர். அந்தத் தொகையைக் கொடுக்காமல் தப்பித்ததும் மெக்டஃபி வந்ததும் அணிக்கு நல்லதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவையெல்லாம் தடுப்பாட்டத்தின் கணக்கில் வரவேண்டியவை. ரிசீவர் கணக்கில் வந்தது 50-வது இடம் ஒன்றுதான். அதையும் நியூ இங்கிலாந்திடம் கொடுத்து 54-வது இடத்துக்கு இறங்கி ஸ்கை மூரை எடுத்தார்கள். மூன்று பருவங்களின் லீக் ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து அவர் பிடித்தவை 43 பந்துகள், போட்ட டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து புள்ளி பெறுவது) 1.

ஹில் மட்டும் போகவில்லை என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அதே ஆண்டில் ரிசீவர்களான பைரன் பிரிங்கிளும் டிமார்கஸ் ராபின்சனும் போனார்கள். தெரிந்த முகம் என்று மிஞ்சியவர் மெக்கோல் ஹார்ட்மேன் மட்டுமே. வெளியிலிருந்து வந்த ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் ஓராண்டு ஒப்பந்தத்தில் 78 பந்துகளைப் பிடித்து 933 யார்டு சேர்த்துக்கொடுத்தார். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரே வேலை அதுதான். அதையும் தக்கவைத்துக்கொள்ளாமல் மறு ஆண்டே நியூ இங்கிலாந்துக்குப் போகவிட்டார்கள். அந்தப் பருவத்தில் அணியைச் சுமந்தவர் டைட் எண்டான, அதாவது எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டிய இடத்தில் ஆடும் டிராவிஸ் கெல்சி. 110 பந்துகள், 1,338 யார்டுகள், 12 டச்டவுன்கள்.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தை, அதாவது 2023 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸை 38-35 என்று வென்ற சூப்பர் பவுலை, கட்டுரையாளர் தன் வாதத்துக்கு முக்கியமான சான்றாகக் காட்டுகிறார். கடைசிக் கால்பகுதியில் கடேரியஸ் டோனியும் ஸ்கை மூரும் ஆளுக்கொரு டச்டவுன் போட்டார்களே என்கிறார். அந்த இரண்டு ஆட்டத்துண்டுகளையும் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். பந்து உதைபடுவதில்லை; நடுவிலிருந்து பின்னால் இருக்கும், பந்தை எறிபவரான மஹோம்ஸின் கைக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்குச் சற்று முன்பு ஓரத்தில் நிற்கும் ரிசீவர், மைதானத்தின் மறுபக்கத்துக்குப் போகப்போகிறவர்போல நடுவை நோக்கி ஓடத் தொடங்குகிறார். அவரைக் காவல் காத்த ஈகிள்ஸ் வீரர்கள், இவனை நீ பார்த்துக்கொள் என்று தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள முற்படும் அந்த நொடியில், அவர் சட்டென்று நின்று வந்த வழியே ஓரத்துக்குத் திரும்பிவிடுகிறார். அங்கே ஒருவரும் இல்லை. ஒருமுறை ஒரு பக்கம், மறுமுறை அடுத்த பக்கம். கண்ணாடியில் பார்த்ததைப்போல அதே வித்தை. பந்து வந்து சேர்ந்தபோது இருவரையும் சுற்றி ஐந்து கஜத்துக்கு ஆள் இல்லை; அந்த இடத்தில் என்னை நிறுத்தியிருந்தாலும் பிடித்திருப்பேன் என்று தோன்றியது. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவை 25-22 என்று கூடுதல் நேரத்தில் முடித்துவைத்த ஹார்ட்மேனின் 3 யார்டு டச்டவுனும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவை பயிற்சியாளர் ஆன்டி ரீடின் மேசையில் கிடைத்த டச்டவுன்கள். சரக்கின் குறை தெரிந்த சமையல்காரர் கைப்பக்குவத்தால் சமாளித்ததைச் சரக்கின் தரம் என்று எழுதுவது நியாயமில்லை.

சரக்கின் தரம் தெரிந்த பருவம் 2023. செப்டம்பர் 7-ஆம் தேதி முதல் ஆட்டத்துக்கு ஆரோஹெட் மைதானத்தின் மேல்தளத்தில் நானும் இருந்தேன். முழங்காலில் அடிபட்டிருந்த கெல்சி ஆடவில்லை. டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக மஹோம்ஸ் எறிந்த பந்து டோனியின் இரு கைகளிலும் சரியாக வந்து விழுந்து, அங்கிருந்து துள்ளி, பின்னால் வந்த பிரையன் பிரான்ச்சின் கைக்குப் போயிற்று. அவர் 50 யார்டு ஓடி டச்டவுன் போடும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவும் இல்லை, கத்தவும் இல்லை. என் முன்வரிசைப் பெரியவர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 21-20 என்று ஒரே புள்ளியில் தோற்றோம். நவம்பர் 20 அன்று ஈகிள்ஸிடம் 21-17 என்று பின்தங்கியிருந்த கடைசி நிமிடங்களில், காவலரைத் தாண்டி ஓடிவிட்ட மார்க்கெஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங்கின் கைகளுக்குள் வெற்றிக்கான பந்து வந்து நழுவியது. டிசம்பர் 10 அன்று நடந்ததோ இன்னும் கொடுமை. பஃபலோவுக்கு எதிராகக் கெல்சி பந்தைப் பிடித்து, ஓடிக்கொண்டே பின்னால் டோனிக்கு எறிய, டோனி டச்டவுன் போட்டார். நாங்கள் சோபாவிலிருந்து எழுந்தும்விட்டோம். ஆனால் ஆட்டம் தொடங்கும்போதே அவருடைய பாதம் பந்தின் கோட்டைத் தாண்டி நின்றது. ஓரத்தில் நிற்கும் ரிசீவர், தான் சரியாக நிற்கிறேனா என்று பக்கவாட்டு நடுவரிடம் கைகாட்டிக் கேட்டுக்கொள்வது பள்ளி மாணவர்களும் அறிந்த வழக்கம். டச்டவுன் ரத்தாகி, 20-17 என்று அந்த ஆட்டமும் போயிற்று.

வால்டெஸ்-ஸ்கான்ட்லிங் மீது நான் முழுப் பழியையும் போட மாட்டேன். பால்டிமோரை வென்ற அரையிறுதியில் கடைசியாக வந்த 32 யார்டு பந்தைப் பிடித்து ஆட்டத்தை முடித்துவைத்தவரும் அவரே. பிடிப்பாரா விடுவாரா என்று பந்து காற்றில் இருக்கும்போது யாருக்கும் தெரியாது என்பதுதான் என் குறை.

இதில் ரஷீ ரைஸை நான் விலக்குகிறேன். 2023 டிராஃப்டில் 55-வது இடத்தில் வந்து, முதல் பருவத்திலேயே 79 பந்துகள், 938 யார்டுகள், 7 டச்டவுன்கள் என்று காட்டியவர் அவர். ஆனால் அவருடைய பலம், அருகில் கிடைக்கும் பந்தை நடுப்பகுதியில் வாங்கிக்கொண்டு மோதி ஓடுவது. கெல்சி நிற்பதும் அதே நடுப்பகுதிதான். ஒரு ரிசீவர் வரிசைக்கு மூன்று விதமான ஆட்கள் வேண்டும்: ஓரத்தில் தனியாக நின்று காவலரை உடல்பலத்தாலும் காலடியாலும் வெல்பவர், தடுப்பை நீளவாக்கில் இழுத்துக்கொண்டு ஓடுபவர், நடுவில் இடுக்குகளைக் கண்டுபிடிப்பவர். முதல் ரகத்தில் ஒருவரைக்கூட நிலையாக வைத்துக்கொள்ளாமல், 2024-இல் மீண்டும் ஓட்டக்காரர்களிடமே போனார்கள். 40 யார்டை 4.21 வினாடியில் ஓடிச் சாதனை படைத்த சேவியர் வொர்தியை 28-வது இடத்தில் எடுத்தார்கள். சிறிய உடலும் வேகமும் கொண்ட மார்க்கீஸ் பிரவுனையும் அழைத்துவந்தார்கள். பிரவுன் பயிற்சிப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் முதல் பந்திலேயே தோள்பட்டையில் காயம்பட்டார். ரைஸ் நான்காவது ஆட்டத்தில் சொந்த அணியின் மஹோம்ஸ் வந்து மோதியே முழங்காலில் காயம்பட்டார். அக்டோபரில் 32 வயது டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை டென்னஸியிலிருந்து அவசரமாக வாங்கியபோது, முதல் ரகத்து ஆள் இல்லை என்பதை அணியே ஒப்புக்கொண்டது.

ஹில் விற்கப்பட்டு ஒரு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், அதே டென்னஸியிடமிருந்து ஏ. ஜே. பிரவுனை வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது ஈகிள்ஸ். முந்தைய ஆண்டு டிராஃப்டில் எடுத்த டெவோன்டா ஸ்மித் அங்கே ஏற்கெனவே இருந்தார். இதற்குத்தான் ரிசீவர் வரிசையைக் கட்டுவது என்று பெயர். 2025 பிப்ரவரியில் இந்த அணிகள் மீண்டும் சூப்பர் பவுலில் சந்தித்தபோது ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. பிரவுன், ஸ்மித் இருவருமே டச்டவுன் போட்டார்கள். வொர்தி சேர்த்த 157 யார்டுகளில் பெரும்பகுதி ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தது. மஹோம்ஸ் ஆறு முறை கீழே தள்ளப்பட்ட அந்த இரவின் தோல்விக்கு ரிசீவர்கள் காரணமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு தகவல். சீஃப்ஸ் கைமாற்றிய அந்த 50-வது இடத்தில் நியூ இங்கிலாந்து எடுத்தவரும் ஒரு வைட் ரிசீவர்தான்: டைக்வான் தார்ன்டன். 2024 நவம்பரில் அந்த அணி அவரை விடுவித்தது. சீஃப்ஸ் ஓசையின்றி மாற்று வீரர்களின் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் ஆரோஹெட்டில் ஈகிள்ஸுக்கு எதிராக அவர் 49 யார்டு பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டார். ஆட்டத்தில் 20-17 என்று தோற்றோம் என்றாலும், ஹில்லைக் கொடுத்து வாங்கியவற்றின் பட்டியலைக் கட்டுரையாளர் மறுபடி எழுதினால் இவரையும் வரவில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓவர்லாண்ட் பார்க், கான்சாஸ்.